படைப்பூக்கத்தின் ஊற்று

படைப்பூக்கம் எங்கிருந்து பிறக்கிறது? வலைத்தளம் வடிவமைக்கும் என் பழைய மாணவர் ஒருவர் பட்டர்வொர்த்தில் என்னைக் காண வந்தபோது இவ்வினா எழுந்தது. "ஐயா, புதிதாக ஒன்றும் தோன்றவில்லை. பிறர் பக்கங்களைப் பார்த்தே மாற்றிச் செய்கிறேன்" என்றார். குரலில் நாணம் இருந்தது.

சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியை நினைவூட்டினேன். அவர் சிறுகதை எழுத்தாளர். ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்த விரிவுரையாளர். 1995இல் அவர் தமிழை இணையத்தில் ஏற்றியபோது, தமிழுக்கெனப் பொதுவான எழுத்துக் குறியீடு வழக்கில் இல்லை. பின்பற்றத்தக்க முன்மாதிரியும் அரிது. தமிழ்க் கவிதை தமிழ் எழுத்திலேயே திரையில் தெரிய வேண்டும் என்னும் தேவையே அவரை இயக்கியது. 1999இல் மறையும்வரை அவ்வுழைப்பு ஓயவில்லை.

பிறர் படைப்பைக் கண்டு கற்பது குற்றமன்று. படிப்பவரை மறந்து அதை மட்டுமே காணும்போது கற்பனை வறள்கிறது; பிறர் தேவையை உணரும் உள்ளத்தில் அது நாளும் சுரக்கிறது.

"தம்பி, உம் பக்கத்தைப் படிப்பவர் யார்?" என்று கேட்டேன். சற்றே சிந்தித்தவர், சிறிய எழுத்துகளைப் படிக்க இயலாது தம் பாட்டி கைப்பேசியைக் கீழே வைத்துவிடுவதைச் சொன்னார். "அங்கிருந்தே தொடங்கும்" என்றேன்.

மாணவரிடம் கட்டுரை கேட்கும் ஆசிரியர்களாகிய நாம், "யாருக்காக எழுதுகிறாய்?" என்று என்றேனும் கேட்டதுண்டா?