தீமையைத் தடுப்பவனின் கை

நன்மையை ஏவுவதும் தீமையைத் தடுப்பதும் இந்த உம்மத்தின் மீது சாட்டப்பட்ட கடமை என்பதைத் திருமறை (3:104, 110) நமக்கு உணர்த்துகிறது. இதில் கருத்து வேற்றுமைக்கு இடமில்லை. ஆனால், அந்தக் கடமையை ஏற்பவனுடைய கை எப்படி இருக்க வேண்டும்? பாவத்தைத் தடுக்க வந்தவனே அப்பாவத்தால் பிழைக்கத் தொடங்கினால் என்ன ஆகும்? சரித்திரத்தின் சில பக்கங்களைப் புரட்டி இதை நாம் சிந்திக்கக் கடமைப்பட்டுள்ளோம்.

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் ஒருமுறை கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டுப் பார்த்து, உள்ளே ஈரமிருப்பதைக் கண்டு அந்த வியாபாரியைக் கண்டித்தார்கள். பிற்காலத்தில் இப்பணிக்கென்றே ‘முஹ்தஸிப்’ என்ற அதிகாரி நியமிக்கப்பட்டார். எடைக்கல், படிகளைச் சோதிப்பது, கலப்படத்தைப் பிடிப்பது, பகிரங்கமான மதுவையும் ஒழுக்கக்கேட்டையும் தடுப்பது ஆகியவை அவர் பொறுப்பு. ஆனால் வெளியே தெரியாத பாவத்தைத் துருவித் தேட அவருக்குப் பொதுவாக அதிகாரமில்லை என்று ஹிஜ்ரி 450-ல் (கி.பி. 1058) மறைந்த இமாம் மாவர்தீ (ரஹ்) அவர்கள் வரம்பு கட்டினார்கள்.

இவ்வரம்பின் காரணத்தை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் தமது இஹ்யாவில் எடுத்தெழுதும் ஒரு சம்பவத்தால் அறியலாம். உமர் (ரலி) அவர்கள் சுவரேறிக் குதித்து, ஒரு மனிதரைத் தகாத நிலையில் கண்டுபிடித்தார்கள். அம்மனிதரோ, தாம் செய்த பாவம் ஒன்றுதான், கலீஃபா செய்ததோ மூன்று என்று பதில் கூறினார். துருவி ஆராயக் கூடாது (49:12), வாசல் வழியே வர வேண்டும் (2:189), அனுமதி பெற்று ஸலாம் சொல்லி நுழைய வேண்டும் (24:27) என்ற மூன்று கட்டளைகளும் மீறப்பட்டதை எடுத்துக்காட்டினார். கலீஃபா அவர்கள் அதை ஏற்று, அவர் தவ்பாச் செய்ய வேண்டுமென்ற நிபந்தனையுடன் விட்டுச் சென்றார்கள். அதிகாரம் தன் எல்லையை உணர்ந்த காலம் அது!

இனி, மம்லூக் சுல்தான்கள் ஆண்ட கெய்ரோவைப் பாருங்கள். சுல்தான் பைபர்ஸ் (ஆட்சி 1260–1277) மதுவையும் ஹஷீஷ் என்னும் போதைப்பொருளையும் விபசாரத்தையும் தடை செய்து, அவற்றால் கஜானாவுக்கு வந்த வருமானத்தையும் விட்டொழித்தார். ஆயினும் பாவத்தின் மீதான வரி நிரந்தரமாக ஒழிந்ததா? இல்லை. ‘ளமானுல் மகானீ’ என்ற பெயரில், பாடகிகளிடமும் தவறான வழியில் செல்லும் பெண்களிடமும் வரி வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. பெயரைப் பதிந்து பணத்தைக் கட்டிவிட்ட பெண்ணை ஊரிலுள்ள எந்தப் பெரிய மனிதராலும் தடுக்க முடியாது என்னும் நிலை இருந்ததாகச் சரித்திர ஆசிரியர் மக்ரீஸீ (ரஹ்) வேதனையுடன் பதிந்துள்ளார். சுல்தான் அஷ்ரஃப் ஷஃபான் ஹிஜ்ரி 778-ல் (1376) அதை ஒழிக்கும் வரை இந்த அவலம் தலைகாட்டிக் கொண்டே இருந்தது.

மக்ரீஸீ வெறும் ஏட்டறிவால் பேசியவர் அல்லர். ஹிஜ்ரி 801-ல் (1399) அவரே கெய்ரோவின் முஹ்தஸிபாக நியமிக்கப்பட்டார். அப்பதவி அவரிடம் வெகுகாலம் நிலைக்கவில்லை. புகாரி ஷரீஃபுக்கு விரிவுரை எழுதிய பத்ருத்தீன் ஐனீ (ரஹ்) அவ்விடத்திற்கு வந்தார். சில ஆண்டுகளில் எகிப்தைப் பெரும் பஞ்சம் தாக்கியது. நைல் நதியின் நீர் குறைந்தது உண்மைதான். ஆனால், 1405-ல் எழுதிய ‘இகாதத்துல் உம்மா’ என்ற நூலில் மக்ரீஸீ பழியை நதியின் மீது மட்டும் போடவில்லை. நிலக்குத்தகை உயர்வையும், செப்புக்காசு பெருகியதையும் சொன்ன அவர், அனைத்திற்கும் மூலமாகக் கண்டது இலஞ்சத்தையே. அமைச்சர், காஜி, முஹ்தஸிப் பதவிகள் யாவும் விலைக்கு வந்துவிட்டன. கடன் வாங்கிப் பதவி வாங்கியவன் அந்தக் கடனை எங்கிருந்து அடைப்பான்? மக்களைக் கசக்கித்தானே!

இங்கே ஒரு சந்தேகம் எழலாம். அப்படியானால், பாவமற்றவர்தாம் பிறரைத் தடுக்க வேண்டுமா? அப்படியல்ல. அது நிபந்தனையானால் தடுப்பதற்கு ஆளே கிடைக்காது என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் தீர்ப்பு. தன் நஃப்ஸிடம் தோற்றவன் வேறு, பிறர் பாவத்தில் பங்கு வாங்குபவன் வேறு. முன்னவனுக்குப் பாவம் ஒழிந்தால் நஷ்டமில்லை. பின்னவனுக்கோ பாவம் ஒழிந்தால் பிழைப்பே ஒழிந்துவிடும்! ஆகவே அவன் தீமையைத் தடுக்க மாட்டான், அதைப் பயிர்போல் பாதுகாப்பான். ஏழையைப் பிடிப்பான், பணம் கொடுத்தவனை விடுவான். செல்வாக்குள்ளவர் திருடினால் விட்டுவிட்டு, எளியவர் திருடினால் தண்டித்ததே முன்னோரின் அழிவுக்குக் காரணம் என நபி (ஸல்) அவர்கள் எச்சரித்தது இதைத்தான் அன்றோ!

அதே இமாம் அவர்கள் இன்னொரு நிகழ்ச்சியும் சொல்கிறார்கள். ஒரு பெரியார் பூனை வளர்த்தார். அதற்காகப் பக்கத்துக் கசாப்புக் கடைக்காரரிடம் தினமும் கழிவு இறைச்சி வாங்கி வருவார். ஒருநாள் அந்தக் கடைக்காரரிடம் ஒரு தவறைக் கண்டார். உடனே அவர் கண்டிக்கவில்லை. முதலில் வீட்டுக்குப் போய்ப் பூனையை வெளியேற்றினார். பிறகு வந்து கண்டித்தார். இனி உம் பூனைக்கு ஒன்றும் தரமாட்டேன் என்றார் கடைக்காரர். பூனையை அனுப்பி, உம்மிடமிருந்த ஆசையையும் அறுத்துக்கொண்ட பிறகே கண்டிக்க வந்தேன் என்றார் பெரியார்.

அன்பர்களே! இலஞ்சம் என்பது பணமுடிப்பாக மட்டும் வருவதில்லை. பூனைக்குப் போடும் துண்டு இறைச்சியாகவும் வரும். ஒருவரின் விருந்து, ஒருவரின் நன்கொடை, ஒருவரின் சிபாரிசு நம் நாவைக் கட்டிப்போட்டிருக்கிறதா? அவரிடம் மௌனமாக இருந்துவிட்டு, நமக்கு எதுவும் தர இயலாத எளியவரிடம் மட்டும் மார்க்கம் பேசுகிறோமா? அடுத்த வீட்டுச் சுவரை எட்டிப் பார்க்குமுன், நம் வீட்டில் வளரும் பூனை எது என்று பார்ப்போமாக!

தூய கரத்துடன் நன்மையை ஏவித் தீமையைத் தடுக்க வல்ல நாயன் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.