பத்து கிலோ குறைத்துவிட்டு வா

திருத்தணி மலைக்கு 365 படிகள். நாளுக்கு ஒரு படி என்பார்கள். ஆடிக் கிருத்திகைக்கு முந்திய ஒரு செவ்வாய்க்கிழமை, அத்தையோடு ஏறினேன். அத்தை குழந்தை வரம் வேண்டி ஏறினார். நான் எடை குறைக்க ஏறினேன். "பத்து கிலோ குறைச்சிட்டு வாம்மா, அப்புறம் ஐ.வி.எஃப். பத்திப் பேசலாம்" என்று சென்னையில் ஒரு மருத்துவர் சொல்லியிருந்தார். அப்போது எனக்கு 34 வயது, 86 கிலோ.

அந்த அறையில் என்னைவிடக் கனமான என் கணவரும் உட்கார்ந்திருந்தார். அவரை யாரும் எடை மெஷினில் ஏறச் சொல்லவில்லை. ஆணின் உடல் பருமனும் விந்தணுவைப் பாதிக்கலாம் என்பதைப் பிறகுதான் படித்தேன்.

மருத்துவர் சொன்னது பொய்யல்ல. கொழுப்பு கூடும்போது இன்சுலின் சரியாக வேலை செய்யாது. உடல் இன்னும் அதிகமாக இன்சுலினைச் சுரக்கும். அது சினைப்பையைத் தூண்டி ஆண்ட்ரோஜன் ஹார்மோனைக் கூட்டும். முட்டை வெளிவருவது தடைபடும். கருச்சிதைவு, கர்ப்பகாலச் சர்க்கரை, ரத்தக் கொதிப்பு ஆகிய அபாயங்களும் கூடும். இவற்றை மறைப்பது பெண்ணியமாகாது.

ஆனால் அபாயத்தைச் சொல்வது வேறு, கதவைச் சாத்துவது வேறு. 2016இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், குழந்தையில்லாத, பருமனான 577 பெண்களை இரு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஆறு மாத எடைக்குறைப்புப் பயிற்சி, பிறகு சிகிச்சை. மறு பிரிவுக்கு உடனே சிகிச்சை. இரண்டு ஆண்டுகளில், நிறைமாதத்தில் ஆரோக்கியமான ஒற்றைக் குழந்தையைச் சுகப்பிரசவத்தில் பெற்றவர்கள் முதல் பிரிவில் 27 சதவீதம், இரண்டாம் பிரிவில் 35 சதவீதம். பயிற்சி பெற்றவர்களில் இயற்கையாகக் கருவுற்றவர்கள் அதிகம் என்பதும் உண்மை. ஆக, எடை குறைவது சிலருக்கு உதவும். எல்லோருக்கும் அதை நிபந்தனையாக்க இது ஆதாரமாகாது.

காத்திருப்பதற்கும் விலை உண்டு. சினைப்பையின் முட்டை இருப்பைக் காட்டும் ஏ.எம்.எச். எனக்கு ஏற்கெனவே குறைவு. வயதோடு அது இன்னும் இறங்கும். எடை போகும், வரும். போன முட்டை வராது.

2021ஆம் ஆண்டின் இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் பெண்ணுக்கு 50 வயது வரை சிகிச்சையை அனுமதிக்கிறது. வயது ஏறினாலும் வாய்ப்பு குறையும், அபாயம் கூடும். ஆனாலும் 45 வயதுப் பெண்ணிடம் "இளமையாகிவிட்டு வா" என்று யாரும் சொல்வதில்லை. வயதை விதி என்கிறோம். எடையை மட்டும் அவள் குற்றம் என்கிறோம். வாயைக் கட்டாதவள், சோம்பேறி என்கிறோம். அந்தக் குற்றத்துக்குப் பரிகாரமாகத்தான் பத்து கிலோ கேட்கப்படுகிறது. வெற்றி விகிதத்தை விளம்பரம் செய்யும் தொழிலில், வாய்ப்பு குறைந்த உடலைத் திருப்பி அனுப்புவது யாருக்கு லாபம் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது.

பாதிப் படியில் எனக்கு மூச்சு வாங்கியது. மொட்டைத் தலையில் சந்தனம் பூசிய ஒரு தெலுங்குக் குடும்பம் எங்களைத் தாண்டிப் போனது. "உட்காரும்மா, முருகன் எங்கயும் ஓடிடமாட்டார்" என்றார் அத்தை. ஓடிக்கொண்டிருந்தது என் வயதுதான்.

எட்டு மாதத்தில் நான்கு கிலோ குறைந்தேன். வேறொரு மருத்துவரிடம் போனேன். அவர் அபாயங்களை ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று கேட்டார். அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

குழந்தை பிறந்ததா என்று கேட்பீர்கள். பிறந்தது என்றால், குறைத்த நான்கு கிலோவுக்குப் பலன் என்பார்கள். இல்லை என்றால், குறையாத ஆறு கிலோவின் குற்றம் என்பார்கள். அதனால்தான் அதை இங்கே எழுதவில்லை.