மாறிய பின்னும் அதுவேதானா?

பெரம்பலூர் மாவட்டத்துச் சாத்தனூரில் ஒரு மரம் கிடக்கிறது. பதினெட்டு மீட்டருக்கும் மேல் நீண்ட அடிமரம். 1940ஆம் ஆண்டு நிலவியல் அறிஞர் எம். எஸ். கிருஷ்ணன் அதனை உலகறியச் செய்தார். இப்பகுதியைக் கடல் மூடியிருந்த காலத்தில், ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன், மணலிலும் சேற்றிலும் புதைந்த மரம் அது என்பர் ஆய்வாளர். நீரில் கரைந்திருந்த சிலிக்கா சிறுகச் சிறுக அதனுள் புகுந்து, மரம் இருந்த இடத்தைக் கல் பிடித்துக்கொண்டது. காணச் செல்வோர் அனைவரும் அதனைக் 'கல்மரம்' என்றே அழைக்கின்றனர். 'மரம் போன்ற கல்' என்று எவரும் சொல்வதில்லை. மரத்தின் பொருள் நீங்கிக் கல்லின் பொருள் வந்த பின்னும் அதனை மரம் என்றே நாம் கொள்வது எதனால்?

கல்மரத்தின் முன் நின்று கேட்கும்போது இது பொழுதுபோக்கான வினாவாகத் தோன்றலாம். ஆனால் 1990ஆம் ஆண்டு இலண்டன் உயர்நீதிமன்றத்தில் இதே வினா ஒரு பழைய பந்தயக் காரைப் பற்றி எழுந்தது. அங்கே விடையின் விலை ஒரு கோடி பவுண்டு.

அந்தக் கார் பென்ட்லி நிறுவனத்தின் 'ஸ்பீட் சிக்ஸ்' வகையைச் சார்ந்தது. ஆறரை லிட்டர் எஞ்சின் கொண்டது. பிரான்சு நாட்டின் லெ மான் நகரில் இருபத்துநான்கு மணி நேரம் இரவும் பகலும் இடையறாது நடைபெறும் பந்தயத்தில் 1929ஆம் ஆண்டு அது முதலிடம் பெற்றது. வுல்ஃப் பர்னாட்டோவும் டிம் பர்க்கினும் அதனை ஓட்டினர். மறு ஆண்டும் அதுவே வென்றது. அப்போது பர்னாட்டோவுடன் ஓட்டியவர் கிளென் கிட்ஸ்டன். 'ஓல்டு நம்பர் ஒன்' என்ற பெயர் அதற்கு நிலைத்தது.

வெற்றியோடு அதன் வரலாறு முடியவில்லை. 1931இல் பென்ட்லி நிறுவனம் கடனில் மூழ்கி ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தின் கைக்குச் சென்றது. 1932ஆம் ஆண்டு, எட்டு லிட்டர் எஞ்சின் பொருத்தப்பட்ட நிலையில், புருக்லேண்ட்ஸ் களத்தில் ஐந்நூறு மைல் பந்தயத்தில் ஓடியபோது, சாய்வான ஓடுதளத்தின் விளிம்பைக் கடந்து அது வெளியே பாய்ந்தது. ஓட்டிய கிளைவ் டன்ஃபீ அங்கேயே உயிரிழந்தார். சிதைந்த காரை மீண்டும் கட்டினர். மூடிய கூடு அமைத்தனர். காலப்போக்கில் அதுவும் நீங்கித் திறந்த பந்தயக் காரின் தோற்றம் திரும்ப வந்தது. எஞ்சின் மாறிற்று, சட்டகம் மாறிற்று, உடல் மாறிற்று.

1990இல் அதன் உரிமையாளர் ஒரு கோடி பவுண்டுக்கு அதனை விற்க ஒப்பந்தம் செய்தார். வாங்க முன்வந்த நிறுவனமோ, இது லெ மான் பந்தயத்தில் வென்ற கார் அன்று எனக் கூறிப் பணம் தர மறுத்தது. வழக்கு நீதிபதி ஓட்டன் முன் வந்தது. வென்ற நாளில் அதிலிருந்த பாகங்களில் மிகச் சிலவே எஞ்சியுள்ளன என்பதை நீதிபதி மறைக்கவில்லை. ஆயினும், இதுவே மெய்யான 'ஓல்டு நம்பர் ஒன்' என்று அவர் தீர்ப்பளித்தார். புதிய பாகங்கள் நெடுங்காலத்தில் ஒவ்வொன்றாக வந்து முழுமையோடு ஒன்றிவிட்டன. எந்த நாளிலும் அக்கார் தன் அடையாளத்தை இழந்து வேறொன்றாகிவிடவில்லை. அப்பெயருக்கு நியாயமாக உரிமை கோரத்தக்க வேறொரு காரும் உலகில் இல்லை. இவையே அவர் கண்ட காரணங்கள்.

தீர்ப்பைப் படிக்கும்போது கிரேக்க நாட்டின் பழைய புதிர் ஒன்று நம் நினைவுக்கு வருகிறது. தீசியஸ் என்னும் வீரனின் கப்பலை ஏதன்ஸ் மக்கள் பாதுகாத்தனர். மக்கிய பலகையை நீக்கிப் புதிய பலகையை வைத்துக்கொண்டே வந்தனர். அது அதே கப்பல்தானா என்று அறிஞர் வாதிட்டதைப் புளூட்டார்க் எழுதிவைத்தார். பதினேழாம் நூற்றாண்டில் தாமஸ் ஹாப்ஸ் இன்னொரு முடிச்சைப் போட்டார்: கழித்த பலகைகளை எல்லாம் ஒருவன் சேர்த்துவைத்து இரண்டாவது கப்பலைக் கட்டினால், இரண்டில் எது உண்மையானது?

பழைய பந்தயக் கார்களின் உலகில் இது கற்பனை அன்று. ஒருவரிடம் சட்டகமும் வேறொருவரிடம் எஞ்சினும் சேர்ந்து, ஒரே வரலாற்றுக்கு இரு கார்கள் உரிமை கோரும் வழக்குகள் அங்கே உண்டு. பெயர்த் தகட்டை மட்டும் ஒரு புதிய இரும்புக் குவியலில் பொருத்தி விற்க முனையும் வஞ்சகனுக்கும் நீதிபதி ஓட்டனின் தீர்ப்பு வழி திறந்துவிடாதா என்று ஒருவர் கேட்கலாம்.

திறந்துவிடாது என்பதே நம் எண்ணம். அவ்வஞ்சகனிடம் பெயர் உண்டு, தொடர்ச்சி இல்லை. எந்தக் கையிலிருந்து எந்தக் கைக்கு வந்தது, எந்த ஆண்டில் எது கழன்றது, எதற்கு மாற்றாக எது வந்தது என்று அவனால் சொல்ல இயலாது. பாகத்தை மாற்றுவது குற்றமன்று. மாற்றியதை மறைப்பதே குற்றம். நம் பங்குத் திருவிழாவில் வரும் சப்பரத்திற்கு அச்சும் சக்கரமும் எத்தனையோ முறை மாறியிருக்கும். ஆயினும், 'தாத்தா காலத்துச் சப்பரம்' என்று நாம் சொல்வதில் பொய் இல்லை. அதைச் செப்பனிட்ட தச்சரும், மரம் கொடுத்தவரும், தோள் கொடுத்தவரும் யாரென்று ஊர் அறியும்.

அப்படியானால் ஒரு கோடி பவுண்டு கொடுப்பவர் எதை வாங்குகிறார்? இரும்பு அவருக்கு உரியதாகலாம். பர்னாட்டோவின் வெற்றி ஒருநாளும் அவருக்கு உரியதாகாது. டன்ஃபீயின் இறப்பும் அவ்வாறே. வெற்றியை வைத்துக்கொண்டு இறப்பைத் தள்ளிவிடவும் அவருக்கு உரிமை இல்லை. வரலாற்றை முழுமையாக ஏற்று, முழுமையாக அடுத்தவரிடம் ஒப்படைக்கும் கடமையே அவருக்கு வந்து சேர்கிறது. உடைமை என்று நாம் பெருமையுடன் கூறுவதெல்லாம், உற்று நோக்கின், காவல் பொறுப்பே அன்றோ?

பொருளுக்கே இப்படியென்றால், மனிதருக்கு எப்படி? அரியலூர் மாவட்டத்து ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்கு ஆலயம் எழுப்பிய பெஸ்கி இத்தாலியில் பிறந்தவர். நம் நாட்டில் உடையை மாற்றினார், உணவை மாற்றினார், மொழியை மாற்றினார். வீரமாமுனிவர் எனப் பெயரும் மாறிற்று. ஆனால் வந்தவர் ஒருவர், வாழ்ந்தவர் வேறொருவர் என்று எவரும் கூறார்.

இன்னும் கடினமான ஒன்று நம் இல்லங்களிலேயே உண்டு. அரியலூர்ப் பக்கத்துச் சிற்றூரொன்றில் நாம் அறிந்த மூதாட்டி ஒருவர் நினைவை இழந்துவிட்டார். பெற்ற மகளைப் பார்த்து, "நீ யாரும்மா?" என்று கேட்கிறார். "அது இப்ப நம்ம அம்மாவே இல்ல. அதுக்கு என்ன தெரியப்போகுது?" என்றார் மகன். வீட்டை விற்கும் பேச்சு அப்போது நடந்துகொண்டிருந்தது. மகள் மறுமொழி கூறவில்லை. மாலைதோறும் தாயின் அருகில் அமர்ந்து, அவர் பிறந்த ஊரையும், மணமுடித்து வந்த நாளையும், களை எடுத்த வயலையும், மூன்று வயதில் இறந்துபோன மூத்த பிள்ளையையும் அவருக்கே எடுத்துச் சொல்கிறார். மகிழ்ச்சியை மட்டும் பொறுக்கி எடுத்துச் சொல்வதில்லை. தாய் சில நேரம் தலையசைக்கிறார், சில நேரம் வேறெங்கோ பார்க்கிறார்.

தன் வரலாற்றைத் தானே தாங்க இயலாதபோது அதைத் தாங்கிக்கொள்ள இன்னொருவர் வேண்டும். கார் தன் கதையைச் சொல்லாது. கல்மரமும் சொல்லாது. அறிந்தோர் சொல்கின்றனர். அந்த மூதாட்டிக்காக மகள் சொல்கிறார். மகன் பார்த்தது கழன்றுபோன பாகங்களை. மகள் பார்த்தது அறுபடாத தொடர்ச்சியை.

இலண்டன் நீதிபதி சொன்ன காரணங்களுள் ஒன்று இங்கும் பொருந்துகிறது. அந்த வீட்டில் 'அம்மா' என்னும் பெயருக்கு உரிமை கோர வேறொருவர் இல்லை. எத்தனை மாறியிருப்பினும், எவ்வளவு குறைந்திருப்பினும், அவர் ஒருவரே.