மனத்தின் இளைப்புக் குற்றமாமோ?

உடல் இளைத்தவன் ஓய்ந்திருப்பதை ஒருவரும் பழியார். நாள்முழுதும் தோட்டங் கொத்தியவன் மாலையிலே திண்ணையிற் சாய்ந்தால், "பாவம், களைத்துப்போனான்" என்பர். மனம் இளைத்தவனுக்கோ அவ்விரக்கம் கிடைப்பதில்லை. அவனைச் சோம்பன் என்பர். பத்தி குறைந்தவன் என்பர். அவனும் தன்னை அங்ஙனமே நொந்துகொள்வான். ஆசிரியத் தொழில் பூண்ட நமக்கு இஃது அயலார் செய்தியன்று. ஆகலின் மனத்தின் இளைப்புக் குற்றமாமோ என்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதற்கண், இளைப்பது யாது என்று தெளிதல் வேண்டும். மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் அந்தக்கரணங்கள் நான்கும் மாயையிற் றோன்றிய கருவிகள் என்பதும், ஆன்மா அவற்றின் வேறாய் நின்று அவற்றைக் கொண்டு அறிவதென்பதும் நம் சித்தாந்தம். கருவியெனவே தேய்வும் ஓய்வும் அதற்கு உரியனவாம். நனவிலே 35 கருவிகளோடு தொழிற்படும் உயிர், கனவிலே 25 கருவிகளோடும் உறக்கத்திலே 3 கருவிகளோடும் நிற்குமென்று நூல்கள் எண்ணிட்டு உணர்த்துகின்றன. அம்மூன்றும் சித்தமும் பிராணவாயுவும் புருடனுமேயாம். மனமும் புத்தியும் அகங்காரமும் அங்கே இல்லை. அவை நாடோறும் விடுதலை பெறுதற்குரியன என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டுமோ? அன்றியும், அருணந்தி சிவாசாரியர் சிவஞான சித்தியாரிலே இறைவனுடைய சங்காரத்தொழிலையே பிறந்திறந்து அலுத்த உயிர்களின் இளைப்பை ஆற்றுதலாகக் கொண்டனர். அழித்தலும் ஓய்வளிக்கும் அருளாயின், ஓய்வை நாணுதல் எங்ஙனம் பொருந்தும்?

சோம்பல் வேறு, இளைப்பு வேறு. சோம்பன் தொழிலைத் தொடங்குமுன்னரே ஒதுங்குவான். மற்றவனோ தொழிலை விடமாட்டாமையால் இளைத்தவன். உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டிலே ஏற்றுக்கொண்ட தன் நோய்வகுப்பின் 11 ஆம் திருத்தத்திலே, தொழிலால் வரும் இவ்விளைப்பை நோயென்னாது தொழில்சார்ந்த நிகழ்ச்சியென்று வகுத்து, மூன்று குறி கூறிற்று. ஆற்றல் வற்றுதல், தொழிலின்கண் மனம் விலகிக் கசத்தல், செயற்றிறன் குறைதல் என்பன அவை. இவற்றுள் நடுநின்றதே நாம் அஞ்சத்தக்கது. ஏனெனில், அதனாற் புண்படுபவர் நம்மெதிரே இருக்கும் பிள்ளைகள்.

எமக்கு நேர்ந்ததொன்றை மறையாது சொல்லுகின்றோம். சிலவாண்டுகளின் முன் ஒருநாள் எட்டாம் பாடவேளையிலே, முன்னரே விளக்கிய ஒரு கணக்கை மாணாக்கன் ஒருவன் எழுந்து மீட்டும் வினாவினான். யாம் அவனை வகுப்பார் நகைக்கும்படி ஒரு சொற் சொல்லிவிட்டோம். இளைத்தபொழுது முதலிலே தளர்வது புத்தி. தளராது எழுந்து நிற்பது அகங்காரம். அறியவிரும்பிய பிள்ளையின் வினா அப்பொழுது எமக்கு அவமதிப்பாகத் தோன்றிற்று. சார்ந்ததன் வண்ணமாதல் ஆன்மாவின் இயல்பென்று பலர்க்கும் பாடஞ்சொன்ன யாம், களைத்த கருவியின் வண்ணமே எம் வண்ணமாகி நின்றதை அறிந்திலேம். இளைத்தது குற்றமன்று; இளைத்தோமென்று அறியாது வாய்திறந்ததே குற்றம்.

"நாவலர் பெருமான் ஓய்ந்தாரோ?" என்று கடாவுவார் உளர். 1848 ஆம் ஆண்டிலே வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தாபித்தபின் அவர்கள் ஓயாது உழைத்தது மெய்யே. ஆயின், அவ்வாண்டிலேதான் அவர்கள் மிஷன் பாடசாலைத் தொழிலைத் துறந்தார்கள் என்பதையும் நினைத்தல் வேண்டும். ஒரு சுமையை இறக்கியே மற்றொன்றை ஏற்றார்கள், இல்லறத்தையும் மேற்கொண்டிலர். 57 வயது நிரம்புமுன் 1879 இலே சிவபதமடைந்தார்கள். அவர்கள் பெயராற் பிறரை வருத்துதல் அவர்களுக்குச் செய்யும் வணக்கமாகாது.

இனிச் செய்யத்தக்கது யாது? பாடசாலை விட்டபின் தனிவகுப்பு, அதன்பின் விடைத்தாள், அதன்பின் இரவு பத்து மணிக்கும் கைத்தொலைபேசியில் வரும் சுற்றறிக்கை என்றிருப்பார்க்கு உபதேசம் எளிது, ஒழுகுதல் அரிது. இவற்றுட் சில நிருவாகத்தார் திருத்தவேண்டியன, தியானத்தாற் றீர்வனவல்ல. எனினும் அந்திப்பொழுதில் அரைநாழிகையாவது நமதாகலாம். அப்பொழுது திருவைந்தெழுத்தை எண்ணாது செபித்தல் நன்று. எண்ணிக்கை நிறைத்தலையும் பாடத்திட்டம்போல ஆக்கிக்கொள்வார்க்கு அஃது இன்னுமொரு சுமையேயாம். சிவாலயத்திலே அர்த்தயாம பூசையின்பின் சுவாமியைப் பள்ளியறைக்கு எழுந்தருளுவித்துத் திருக்கதவஞ் சாத்துகின்றோம். அதன்பின் வருபவர் எத்துணைப் பெரியரேனும் விடியும்வரை காத்தல்வேண்டும். நம் வீட்டுக்கதவுக்கு அவ்வளவு உரிமையும் இல்லையோ? உறக்கமும் உணவும் வாரக்கணக்கிற் கெட்டு, வாழ்வே வெறுப்பாயின், காலந்தாழ்த்தாது வைத்தியரை நாடுக. அதில் நாணம் வேண்டா.

இப்பொழுது எட்டாம் பாடவேளைக்குச் செல்லுமுன் வாயிலிலே சிறிது நின்று மூச்சுவிட்டே உட்புகுகின்றோம். அம்மாணாக்கனோ அவ்வாண்டு முடியுங்காறும் மறுபடி ஒரு வினாவும் வினாவவில்லை. இன்று வளர்ந்து, தெருவிற் காணும்போது சைக்கிளை விட்டிறங்கி வணக்கஞ் சொல்லுகின்றான். அக்கணக்குப் பின்னர் விளங்கிற்றோவென்று அவனைக் கேட்க எமக்கு இன்னும் நாவெழவில்லை.