விலை என்னம்மா?

கெர்லிங்கில் எங்கள் அக்கா முறுக்கு சுட்டு வாட்ஸ்அப்பில் விற்கிறார். படத்திலேயே ‘டப்பா 15 வெள்ளி’ என்று கொட்டை எழுத்தில் இருக்கும். முதல் கேள்வி: “விலை என்னம்மா?”

“கண்ணு தெரியலையா?” என்று தட்டியவர், அதை அழித்துவிட்டு, “15 வெள்ளி, தபாலுக்கு 8” என்று அனுப்பினார். உடனே மூன்று டப்பா ஆர்டர்! அந்த அம்மா கேட்டது வீடு வந்து சேரும் விலையை.

மலேசியாவில் இணைய வியாபாரி தபால் செலவோடு முழு விலையைக் காட்டவேண்டும் என்பது 2013 ஜூலையிலிருந்தே சட்டம். ‘விலைக்கு பிஎம் பண்ணுங்க’ என்று இழுப்பவர்கள்தான் கேள்வியையே வளர்க்கிறார்கள்.

அக்கா படத்தை மாற்றினார். அடுத்த கேள்வி: “முறுக்கு மொறுமொறுன்னு இருக்குமா?”

பதிலாக ஒரு குரல்பதிவு போனது. அதில் பேச்சே இல்லை. ‘கறுக்’ என்று ஒரு கடி.