இளைப்பாறுதலும் மாணாக்கனாயிருத்தலும்

சிவமயம்

சைவநன்மக்காள்!

பெறுதற்கரிய மானுடப் பிறவியைப் பெற்ற நாம் இதனைக்கொண்டு அடையவேண்டுவது யாது? உயிரைப் பற்றிய மலவிருள் நீங்கிச் சிவபெருமானுடைய திருவடியைச் சேர்தலேயாம். உடம்பின் வளர்ச்சி இளமை கழியுமுன்னே முற்றி நின்றுவிடும். அறிவின் வளர்ச்சிக்கோ அவ்வாறு ஓரெல்லை விதிக்கப்படவில்லை. ஆயினும் நம்மவருட் பலர்க்கு உடம்பு வளராது நின்ற காலத்தே அறிவும் வளராது நின்றுவிடுகின்றது. அதற்குக் காரணம் இரண்டு. ஒன்று, ஓயாது அலைதல். மற்றொன்று, இனி நாம் கற்கவேண்டுவது ஒன்றுமில்லை என்று எண்ணுதல். இவ்விரண்டும் எவ்வாறு தம்முட் பிணைந்திருக்கின்றன என்பதையும், இவற்றை நீக்கும் வழி யாது என்பதையும் இங்கே சிறிது ஆராய்வாம்.

ஞானத்தை அடையும் படிகளைக் கேட்டல், சிந்தித்தல், தெளிதல், நிட்டைகூடல் என நான்காக வகுத்துக் கூறுவர் சைவசித்தாந்த நூலுடையார். இவற்றுள், கேட்டலுக்கு வேண்டுவது பணிவு. தன்னினும் அறிந்தார் உளர் என்று கொள்ளாதவன் செவி திறந்திருந்தும் கேளான். சிந்தித்தலுக்கு வேண்டுவது ஓய்வு. கேட்டதை மனத்தில் இருத்தி, ஐயம் எழுப்பி, விடை தேடுதற்குக் காலமில்லாதவன் கேட்டும் பயன் பெறான். உண்ட உணவு செரித்தற்கு இடைவேளை வேண்டும். முன்னுண்டது செரியுமுன் பின்னும் பின்னும் உண்பானாயின் உடம்பு வளராது நோயுறும். கேள்வியும் அத்தன்மைத்தே. இக்காலத்தில் நாம் கேட்பது குறைவன்று. கோயில் ஒலிபெருக்கியிலும், வானொலியிலும், கைத்தொலைபேசியிலும் இரவு பகலாக ஏதேனும் ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருக்கின்றோம். இவ்வளவு கேட்டும் தெளிவு வரவில்லையே என்று வருந்துவோர், தாம் ஏறாது விட்டது இரண்டாவது படி என்பதை உணர்வாராக.

அற்றேல், ஓய்வு வேண்டுமென்பது சோம்பலுக்கு வழிகாட்டுவதாகாதோ, திருவள்ளுவர் மடியின்மையென ஓரதிகாரமே வகுத்தாரன்றோ எனின், ஆகாது. ஓய்வு வேறு, சோம்பல் வேறு. இரண்டும் புறத்தே ஒன்றுபோலத் தோன்றும். இருவர் ஒரே திண்ணையிற் சாய்ந்திருக்கக் காண்கின்றோம். எழுந்தபின்னரே வேறுபாடு விளங்கும். ஓய்ந்திருந்தவன் தன் கடமையை விருப்பத்தோடு தொடுவான். சோம்பியிருந்தவன் அதனைக் கண்டு வெறுப்பான். தொழிலைச் செய்தவனுக்கு உரியது ஓய்வு. செய்யவேண்டிய தொழிலினின்று ஒளிப்பவன் தேடுவது சோம்பல். இன்னும் ஒன்று கூறுவாம். ஓயாது ஓடுதலும் சிலவேளைகளிற் சோம்பலின் ஒரு வகையேயாகும். தன்னுள்ளே நோக்குதற்கு அஞ்சுபவன் புறத்தே ஆயிரந் தொழில்களைத் தேடிக்கொள்ளுகின்றான். கால் நடக்கின்றது, மனம் தன் கடமையைச் செய்யாது படுத்திருக்கின்றது.

இளைப்பாறுதலின் பெருமையை அறிதற்கு நாம் வேறெங்கும் செல்லவேண்டுவதில்லை. சிவபெருமான் செய்தருளும் ஐந்தொழிலையே நோக்குவாம். படைத்தல், காத்தல், அழித்தல், மறைத்தல், அருளல் என்னும் ஐந்தனுள் அழித்தல் என்பது கேட்டார்க்கு அச்சம் விளைக்குஞ் சொல். கருணையே வடிவமாகிய கடவுள் அழித்தலைச் செய்வரோ என்று வினவுவோரும் உளர். அவர்க்குச் சிவஞானசித்தியார் கூறும் விடை, அவ்வழித்தல் உயிர்களின் இளைப்பை ஆற்றுதற்பொருட்டே என்பதாம். எண்ணில்லாத பிறவிகளிற் பிறந்தும் இறந்தும் உழன்ற உயிர்கள் களைத்துப்போகின்றன. பகலெல்லாம் புழுதியில் ஆடிய பிள்ளையைத் தாய் எடுத்து உறங்கவைத்தல்போல, இறைவர் உடல்களையும் உலகங்களையும் மாயையில் ஒடுக்கி உயிர்களை இளைப்பாறச் செய்கின்றார். உறங்கவைத்த தாய் விடியற்காலத்தே எழுப்பாதிருப்பாளோ? மீண்டும் படைப்பு நிகழ்கின்றது. உயிர்கள் வினையை நுகர்ந்து பக்குவம் எய்துகின்றன. ஆதலால் ஓய்வுதானே முடிந்த பயனன்று. அது மேலும் வளர்தற்கு இறைவர் இடையில் வைத்த அருட்செயலாம். உயிர்களுக்கு ஓய்வு வேண்டுமென்று முதல்வர் திருவுளங்கொண்டிருக்க, எனக்கு வேண்டாம் என்று கூறுபவன் தன்னை யாரென்று எண்ணுகின்றான்?

நம்முடைய கோயில்களும் இதனையே நாடோறும் உபதேசிக்கின்றன. உச்சிக்காலப் பூசை முடிந்தபின் நடை சாத்தப்படுகின்றது. இரவிலே பள்ளியறைப் பூசையோடு அன்றைய வழிபாடு நிறைவெய்துகின்றது. இறைவர்க்குக் களைப்பு உண்டோ? இல்லை. தொழிலுக்கு ஒரு காலமும் ஒடுக்கத்துக்கு ஒரு காலமும் உண்டு என்பதை நாம் கண்டு கற்றற்பொருட்டே இம்முறை அமைந்ததென்று கொள்வாம்.

யாழ்ப்பாணத்தார்க்கு இவ்வுண்மையை அவர்தங் கிணறே விளக்கும். பெரிய ஆறில்லாத இக்குடாநாட்டிலே மாரிமழை சுண்ணக்கற் பாறையினூடே இறங்கி, நிலத்தின்கீழ் உவர்நீரின்மேல் நன்னீராக மிதந்துநிற்கின்றது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்தில், மனிதன் களைத்து நின்றபோது கிணறும் ஊறிற்று. பின்னர் நீரிறைக்கும் இயந்திரம் வந்தது. இயந்திரத்துக்குக் களைப்பில்லை. ஊறும் அளவுக்கு மேல் ஓயாது இறைத்த இடங்களிலே கீழிருந்த உவர் மேலேறி, முன்னோர் குடித்த கிணறு வாய்க்கு ஆகாததாயிற்று. நிறைய நீர் வேண்டுமென்று இறைத்தவனே நன்னீரை இழந்தான். திருவள்ளுவர் கல்வியை மணற்கேணிக்கு உவமித்தார். தோண்டத் தோண்ட ஊறும் என்பது உண்மை. ஊறுதற்கு இடங்கொடுத்தல் வேண்டும் என்பதும் அக்கேணியே கற்பிக்கும் பாடமாம். ஓயாது இறைக்கப்பட்ட மனத்திலும் முதலில் இனிமை குறையும். பின்பு சொல்லில் உவர்ப்புத் தோன்றும். வீட்டிலே காரணமின்றிச் சினக்கும் தந்தையும், வகுப்பிலே எரிந்துவிழும் ஆசிரியரும் தீயோரல்லர். அவர் ஊறாத கிணறுகள்.

இனி, மாணாக்கனாயிருத்தலைக் குறித்துக் கூறுவாம். அழித்தல் இளைப்பாற்றுதலே என்று நமக்கு உணர்த்திய சிவஞானசித்தியாரை இயற்றியவர் யாவர்? அருணந்தி சிவாசாரியர். அவருடைய வரலாற்றைச் சைவவுலகம் நன்கறியும். எனினும் பலமுறை கேட்டதனாலேயே அதனைச் சிந்தியாது விடுகின்றோம்.

கி. பி. 13 ஆம் நூற்றாண்டிலே, திருத்துறையூரில் வாழ்ந்த அவ்வாசாரியர் சிவாகமங்களெல்லாம் ஓதியுணர்ந்து சகலாகம பண்டிதர் என்னும் பெயர் பெற்றவர். திருப்பெண்ணாகடத்து அச்சுதகளப்பாளருக்குக் குலகுருவாக விளங்கியவர். அக்களப்பாளருடைய புதல்வர், திருவெண்ணெய்நல்லூரிலே மாமன் வீட்டில் வளரும் இளம்பருவத்திலே பரஞ்சோதி முனிவர்பால் உபதேசம் பெற்று, மெய்கண்டார் என்னுந் திருப்பெயரோடு மாணாக்கர்க்குச் சிவஞானபோதப் பொருளை உணர்த்திவந்தார். தம்மால் ஆசீர்வதிக்கப்பட வேண்டிய ஒரு பிள்ளை ஆசிரியனாய் வீற்றிருக்கின்றது என்று கேள்வியுற்ற சகலாகம பண்டிதர் அதனைப் பார்க்கச் சென்றார். மெய்கண்டார் எழுந்து உபசரித்திலர். அப்பொழுது ஆணவமலத்தைப்பற்றிப் பாடம் நிகழ்ந்துகொண்டிருந்தது. பண்டிதர், ஆணவத்தின் வடிவம் எத்தன்மையது என்று வினவினார். மெய்கண்டார் வாய் திறந்து ஒன்றுங் கூறாது, அவர் நிற்கும் நிலையையே திருவிரலாற் சுட்டிக் காட்டியருளினார் என்பது வழிவழி வழங்கும் வரலாறு.

அன்பர்காள்! அந்தக் கணத்திலே என்ன நிகழ்ந்தது என்று சிந்தியுங்கள். பண்டிதருக்கு இரண்டு வழிகள் திறந்திருந்தன. சினந்து திரும்பிச் செல்லுதல் ஒன்று. அதற்கு வேண்டிய நியாயங்களெல்லாம் அவரிடம் இருந்தன: வயது, கல்வி, குலகுருவென்னும் உரிமை. உலகமும் அவரைக் குறை கூறியிராது. மற்றொன்று, சுட்டிய விரலின் வழியே தம்மைத் தாமே நோக்குதல். அவர் நின்றார், நோக்கினார், கண்டார். நூல்களிலே ஆணவத்தின் இலக்கணத்தைப் பன்முறை ஓதியவர், அன்றுதான் அதனைத் தம்மிடத்தே கண்டார். கண்டவுடன் அப்பிள்ளையின் திருவடியில் வீழ்ந்து மாணாக்கரானார். அருணந்தி என்னுந் தீட்சாநாமமும் பெற்றார். அவர் சினந்து சென்றிருப்பாராயின், சகலாகம பண்டிதர் என்னும் பட்டம் ஒன்று எஞ்சியிருக்கும். சிவஞானசித்தியார் நமக்குக் கிடைத்திராது. சந்தானாசாரியர் நால்வருள் இரண்டாமவராக நாம் இன்று அவரை வணங்குவது, அவர் கற்றிருந்தது பற்றியன்று. கற்றபின்னும் கற்க இசைந்தது பற்றியேயாம்.

ஓய்வுக்கும் பணிவுக்கும் உள்ள உறவு இவ்விடத்தே விளங்கும். ஓடுகின்றவன் தன் நிழலை நின்று நோக்கான். கலங்கிய நீரில் முகம் தெரியாது. மனம் ஒரு கணமேனும் அடங்கினாலன்றித் தன் குறை தனக்குப் புலப்படாது. தன் குறை புலப்படாதவன் யாரிடத்திலும் மாணாக்கனாகான். எனவே ஓய்வு பணிவுக்கு வாயில். பணிவு கல்விக்கு வாயில் என்க. ஆணவம் நம்மை ஓய விடாது துரத்துவதும் இதுபற்றியே போலும். ஓய்ந்தால் நாம் அதனைக் கண்டுகொள்வோமன்றோ?

திருநாவுக்கரசு நாயனார் முதுமையிலே, ஆண்டில் மிக இளையவராகிய திருஞானசம்பந்தமூர்த்தி நாயனாருடைய சிவிகையைத் தாங்குவாருள் ஒருவராய் நின்றதைப் பெரியபுராணம் உரைக்கின்றது. வயது கல்விக்குத் தடையன்று. பெருமை இழிவடையும் என்னும் அச்சமே தடை. அவ்வச்சமில்லாதவர்க்கு இளையோரும் ஆசிரியராவர்.

நம் நாட்டிலே சைவம் மறுமலர்ச்சி பெற்ற வரலாறும் இவ்விரண்டின் சேர்க்கையாலேயே தொடங்கிற்று. ஆறுமுக நாவலரவர்கள் 1847 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 31 ஆந் திகதி வெள்ளிக்கிழமை, வண்ணார்பண்ணைச் சிவன்கோயிலிலே தமது சைவப்பிரசங்கத்தைத் தொடங்கினார்கள். அது முதல் வெள்ளிக்கிழமை மாலைதோறும் அங்கே பிரசங்கம் நடந்தது. அப்பொழுது அவர்கள் இருபத்தைந்து வயதினர். கேட்கவந்தவருள் அவரினும் மூத்தோர் எத்துணைப் பேர் இருந்திருப்பர்! கிழமை முழுதும் உழைத்தவர்கள் ஒரு மாலைப்பொழுதை ஒதுக்கி, ஓர் இளைஞர்முன் அமர்ந்து செவிகொடுத்தார்கள். அடுத்த ஆண்டு, 1848 இல், வண்ணார்பண்ணைச் சைவப்பிரகாச வித்தியாசாலை எழுந்தது. பேசியவர் பெருமையைப் புகழும் நாம், கேட்டவர் பெருமையையும் மறவாதிருத்தல் வேண்டும்.

அவ்வெள்ளிமாலை இன்று நம் பிள்ளைகளுக்கு உண்டோ? பாடசாலை விட்டவுடன் தனியார் வகுப்பு. அது முடிய வேறொரு வகுப்பு. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசிற் பரீட்சைக்குப் பத்து வயதுக் குழந்தை விடியுமுன் எழுப்பப்படுகின்றது. சனி ஞாயிறும் அதற்கு விடுமுறையல்ல. பரீட்சை வேண்டாமென்று நாம் கூறவில்லை. கல்வியாலேயே தலைநிமிர்ந்த சமூகம் நம்முடையது. ஆயினும் கேட்டல் ஒன்றனையே பத்து மணிநேரம் செய்து, சிந்தித்தலுக்கு ஒரு நாழிகையும் பெறாத பிள்ளை, விடைகளைச் சுமக்குமேயன்றி வினாவொன்றை எழுப்பக் கற்குமோ? பரீட்சை முடிந்த அன்றே புத்தகத்தை வெறுத்து எறியும் பிள்ளையிடம், இறைத்து வற்றிய கிணற்றையே நாம் காண்கின்றோம். பிள்ளை முதலிடம் பெற்றும் வாழ்நாளெல்லாம் மாணாக்கனாயிருக்கும் விருப்பத்தை இழந்ததாயின், பெற்றதினும் இழந்தது பெரிதன்றோ?

ஆதலால், பெரியோரும் சிறியோரும் கைக்கொள்ளத்தக்க சிலவற்றைக் கூறி அமைவாம்.

முதலாவது, நாடோறும் சந்தியாகாலத்திலே ஒரு நாழிகை, அஃதாவது இருபத்துநான்கு நிமிஷம், தொலைபேசியை அப்பால் வைத்து, திருநீறணிந்து, திருவைந்தெழுத்தை உள்ளத்தே கணித்து அமைதியாக இருங்கள். அன்று கேட்டவற்றுள் ஒன்றையேனும் எடுத்துச் சிந்தியுங்கள்.

இரண்டாவது, கிழமையில் ஒரு மாலையை வகுப்பும் வாணிகமுமின்றி விடுங்கள். அன்று பிள்ளைகள் விளையாடட்டும். கோயில் வீதியிலே நடக்கட்டும். பாட்டியாரிடம் கதை கேட்கட்டும். விளையாட்டு வீண்பொழுதன்று, அது பிள்ளைகளுடைய ஊற்று.

மூன்றாவது, தம்மின் இளையாரிடத்தே ஒன்றனையேனும் கேட்டுக் கற்கும் வழக்கத்தை முதியோர் மேற்கொள்வாராக. மகன் அறிந்ததைத் தந்தை கேட்பதனாலே தந்தைக்கு இழிவில்லை. கேட்கும் முறையை மகன் அதனால் அறிந்துகொள்வான்.

நான்காவது, ஒருவர் நம் குறையைச் சுட்டும்பொழுது, விடை கூறுமுன் சிறிது நில்லுங்கள். சுட்டிய விரல் தவறாகவும் இருக்கலாம். ஆயினும் அவ்விரல் காட்டும் இடத்தை ஒருமுறை நோக்கியபின் மறுப்பதே அறிவுடையார்க்கு அழகு. பிரசங்கஞ் செய்வோரும், கோயிற் பரிபாலனஞ் செய்வோரும், சபைகளில் தலைமை வகிப்போரும் இதனை ஏனையோரினும் மிகுதியாகக் கைக்கொள்ளக் கடவர். ஏனெனில், நிற்கும் இடம் உயர உயரச் சுட்டிக் காட்டுவோர் குறைந்துபோவர்.

அருணந்தி சிவாசாரியர் நின்ற இடத்திலே நாமெல்லாரும் ஒருநாள் நிற்போம். அந்நாளிலே ஓடாது நின்று, நம்மை நாமே கண்டு, சுட்டியவர் யாராயினும் அவரை வணங்குதற்கு வேண்டிய மனவமைதியை, உயிர்களின் இளைப்பை ஆற்றும் பெருங்கருணையாளராகிய சிவபெருமான் நமக்குத் தந்தருளுவாராக.

திருச்சிற்றம்பலம்