முன்னால் போகிறவரின் காற்று

ஒருவருடைய முதுகுக்குப் பின்னால் ஒண்டிக்கொண்டே வந்து, கடைசி 200 மீட்டரில் அவரையே முந்தி ஜெயிப்பது நியாயமா? அடுத்த மாதம் என் முதல் சைக்கிள் பந்தயம். 60 கிலோமீட்டர், சாலையை மூடாமல் நடப்பது. தொடைக்கு என்ன பயிற்சி, எப்போது வாழைப்பழம் சாப்பிடணும், எத்தனை மணி நேரம் தூங்கணும் என்று ஆளாளுக்கு அட்டவணை தருகிறார்கள். இந்தக் கேள்விக்குத்தான் யாரிடமும் அட்டவணை இல்லை.

முதலில் கொஞ்சம் காற்றைப் பற்றி. சமதரையில் மணிக்கு 30 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டால், நாம் மிதிக்கிற சக்தியில் பெரும்பகுதி காற்றை விலக்கவே செலவாகிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்காகும். அதைச் சமாளிக்க எட்டு மடங்கு சக்தி வேண்டும். முன்னால் ஒருவர் போனால் நம் பங்குக் காற்றையும் அவரே விலக்கித் தந்துவிடுகிறார். 2018-ல் பெர்ட் பிளாக்கன் என்ற பொறியியல் பேராசிரியரின் குழு, 121 பேர் நெருக்கமாக ஓட்டும் கூட்டத்தை ஆராய்ந்தது. கூட்டத்தின் நடுவிலும் பின்பகுதியிலும் பாதுகாப்பான இடத்தில் இருப்பவர், தனியாக ஓட்டுபவர் சந்திக்கும் காற்றெதிர்ப்பில் வெறும் 5 முதல் 10 சதவீதம்தான் சந்திக்கிறார் என்று கண்டது. மீதியை வேறு யாரோ கட்டுகிறார்கள்.

நம்ம ஊர் பாஷையில் இதற்குப் பெயர் ஓசிச் சவாரி. விடிவதற்கு முன்னால் திருவான்மியூரில் கிளம்பி ஈசிஆரில் மாமல்லபுரம் பக்கம் போகிற எங்கள் குழுவில், வயதில் மூத்த ஒரு அண்ணன் புதிதாக வருகிறவர்களிடம் சொல்கிற முதல் பாடம் இதுதான்: "தம்பி, சும்மா வீல் புடிச்சிக்கிட்டே வராத. ரெண்டு நிமிஷம் முன்னாடி வந்து இழு, அப்புறம் பின்னாடி போய் மூச்சு வாங்கு." முட்டுக்காடு பாலத்தின் மேல் பக்கக் காற்று அடிக்கும்போது அந்த ரெண்டு நிமிஷம் எவ்வளவு நீளம் என்பது முன்னால் நிற்பவருக்குத்தான் தெரியும்.

யோசித்துப் பார்த்தால் இது மொய் மாதிரி, ஆனால் நோட்டு இல்லாத மொய். எனக்குக் காற்று மறைத்தவருக்கே நான் திருப்பிச் செய்வேன் என்பதில்லை. நான் முன்னால் போகிற நேரத்தில் என் பின்னால் யார் இருக்கிறாரோ, அவருக்குப் போகிறது அந்தக் கடன். அவர் யாரென்றுகூட எனக்குத் தெரியாமல் இருக்கலாம்.

ஆனால் பந்தயத்தில் இந்தக் கணக்கு மாறிவிடுகிறது. முன்னால் போகும் முறை வரும்போது தளர்ந்தவன் போல நடிக்கலாம். சக்தியைச் சேமித்து வைத்துக் கடைசியில் பாயலாம். இது பொய்யில்லையா? கபடியில் ரெய்டு போகிறவர் இடது பக்கம் போவது போல் பாவனை செய்து வலது பக்கம் தொடுவதை யாரும் பொய் என்று சொல்வதில்லை. எதிரில் நிற்பவருக்கும் அந்த ஆட்டம் தெரியும். நீண்ட தூர டிரையத்லானில் முன்னவர் சக்கரத்தை ஒட்டிப் போவது குற்றம், அபராதம் உண்டு. சாலைப் பந்தயத்தில் அதே காரியம் கலை. ஒப்புக்கொண்டு இறங்கியவர்களுக்கு இடையில் எது நியாயம் என்பதை அந்த ஒப்புதலே தீர்மானிக்கிறது.

அப்படியானால் எல்லாமே ஆட்டம்தானா? இங்கேதான் குழி வருகிறது. நிஜமான குழி, ரோட்டில் இருக்கிற குழி.

பின்னால் வருகிறவருக்குச் சாலை தெரியாது. தெரிவது ஒரு முதுகும் ஒரு சக்கரமும்தான். நடுவில் ஒரு முழம் இடைவெளி. மணிக்கு 36 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 10 மீட்டர். முன்னால் இருப்பவர் கையைக் கீழே நீட்டிக் காட்டினால்தான் பின்னால் இருப்பவருக்கு அந்தக் குழி இருக்கிறது. பந்தய நாளில் நான் கையை நீட்டாமல் விட்டால் போட்டிக்கு ஒரு ஆள் குறைவார். யாராலும் எதையும் நிரூபிக்க முடியாது.

என் பலத்தை அவரிடமிருந்து மறைக்கலாம், குழியை மறைக்கக் கூடாது. இந்தக் கோடு எனக்கு இப்போது தெளிவாக இருக்கிறது. என் பலத்தைக் கண்டுபிடிப்பது அவருடைய ஆட்டம். குழியைப் பார்க்கும் வாய்ப்போ அவருக்கு இல்லை, அந்த இடத்தில் என் கண்தான் அவருக்கும் கண். அவர் விழுந்தால், எங்களில் யார் வேகமானவர் என்ற கேள்விக்கு அது பதிலும் இல்லை.

2022 டூர் டி பிரான்ஸின் பதினெட்டாம் கட்டத்தில், ஒரு இறக்கத்தில் தடேய் போகச்சார் வழுக்கி விழுந்தார். மஞ்சள் ஜெர்சியில் இருந்த யோனாஸ் விங்கெகோர் வேகத்தைக் குறைத்துக் காத்திருந்தார். வந்து சேர்ந்த போகச்சார் கை நீட்ட, இருவரும் ஓட்டிக்கொண்டே கை குலுக்கினார்கள். அதே நாள் ஓத்தகாம் ஏற்றத்தில் விங்கெகோர் அவரைத் தோற்கடித்தார். இரண்டும் ஒரே மனிதர் செய்ததுதான். எல்லா நேரமும் கோடு இவ்வளவு சுத்தமாக விழாது. 2010-ல் ஆண்டி ஷ்லெக்கின் சங்கிலி கழன்றபோது அல்பெர்டோ கோன்டடோர் நிற்காமல் பாய்ந்து போனார். அன்று கிடைத்தது 39 நொடி. பாரிஸில் அவர் முன்னிலையும் அதே 39 நொடி. கழன்ற சங்கிலி குழியா, எதிராளியின் பலவீனமா? பல நாள் யோசித்தும் எனக்கு விடை கிடைக்கவில்லை.

மூடாத சாலையில் இன்னொரு கூட்டமும் இருக்கிறது. பால் கேன் கட்டிய பைக், கோவளம் பக்கம் மீன் கூடையோடு சாலையைக் கடக்கிற அம்மா, திடீரென்று ஓரம் கட்டும் ஷேர் ஆட்டோ. இவர்கள் எந்தப் பந்தயத்துக்கும் பெயர் கொடுக்கவில்லை. மேலே சொன்ன ஒப்புதல் எதுவும் இவர்களைக் கட்டுப்படுத்தாது. அந்த அம்மாவுக்காக பிரேக் பிடித்து நான் குழுவை விட்டுப் பின்தங்கினால், அது எனக்கு நேர்ந்த அநியாயமில்லை. அவருடைய சாலையில் நாங்கள் விளையாடுவதற்குக் கொடுக்கும் வாடகை.

ஆரம்பத்தில் கேட்டதற்கு என் பதில்: நியாயம்தான். முறை வந்தபோது நானும் காற்றை வாங்கியிருந்தால், வழியெல்லாம் குழியைக் காட்டியிருந்தால், கடைசி 200 மீட்டரில் அவரை முந்தலாம். அவரும் என்னை முந்தலாம்.

ஆனால் அந்த வேகத்தில் யோசிக்க நேரம் இருக்காது. கை தானாகவே கீழே போக வேண்டும். அதனால் இந்த வாரங்களில் ஏற்றப் பயிற்சியோடு இன்னொன்றும் பழகுகிறேன். ஒரு கையால் ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு, மறு கையைக் கீழே நீட்டியபடி, ஆடாமல் நேராக ஓட்டுவது.